கோணியோடு எடை

“...பின்ன, கோணிய இன்னா காத்துல நெய்றானா மாமி? அதுக்கும் எடை கீது. கோணிக் கழிவு ஒரு கிலோ. நான் இந்தக் கட போட்ட நாள்லருந்து இதான் சட்டம்.”

எதிரில் நின்ற மாமி லேசுப்பட்டவர் இல்லை. பழைய பேப்பரைத் தன் வீட்டிலேயே தூக்கி எடை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். “ஆத்துல பதினொண்ணு காட்டித்து. இங்க பத்தரைங்கறே. அதுலேயும் கோணிக்குன்னு ஒண்ணு கழிக்கறே. உன் மிஷின்லதான் ஜீரோ பட்டன் இருக்கே? வெறும் கோணியை வெச்சு ஜீரோ பண்ணிண்டு, அப்புறம் மூட்டையைப் போடேன்.”

“அந்தப் பட்டன் செத்துப் பல வருசம் ஆச்சு மாமி. நீங்க வோணா உயிர் குடுங்க.”

மாமி கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். எதிர்க்கடையில் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் நின்ற நானும் சிரித்தேன். அந்த ஆள் பேச்சுக்கு நான் சிரித்த சிரிப்பையெல்லாம் இப்போது நினைத்தால் துணி சோப்பைக் கடித்துவிட்ட மாதிரி வாய் கூசுகிறது.

மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை, அந்தப் பக்கம் அவருடைய பழைய பேப்பர் கடை. நடுவில் ஒரு ஆட்டோ போனால் இன்னொரு ஆட்டோ நிற்க வேண்டும். அவர் கடையிலிருந்து நனைந்த காகிதமும் காலி பாட்டில்களின் அடியில் தங்கிய புளிச்ச பீரும் சேர்ந்த ஒரு வாடை நாள் முழுக்க என் கடைக்குள் வந்துகொண்டே இருக்கும். அதற்கு மூக்கு பழகிவிட்டது. அவருக்கும் அப்படித்தான் பழகிப்போனேன்.

பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரில் நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

குள்ளமான ஆள். வலது கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டேதான் எதையும் செய்வார். பேப்பர் புரட்டவும், பை வாய் திறக்கவும், தராசுத் தட்டைத் துடைக்கவும் அதே எச்சில். பார்க்கக் குமட்டும். ஆனால் வாயைத் திறந்தால் அதையெல்லாம் மறக்கடித்துவிடுவார். எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. மனுஷர்கள் பேசுவதைக் கேட்டுக்கேட்டுத்தான் மிச்சத்தைப் படித்தேன். ஆகவே நன்றாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. அந்தப் பலவீனத்தை அவர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் தூக்குவார். “ஊரு படிச்சு முடிச்சாத்தான்க்கா எனக்கு சோறு” என்பார். மழை பெய்தால், “பேப்பர் குளிக்குது, என் எடை கூடுது” என்பார்.

நல்லது ஒன்றும் செய்யாதவர் என்று சொன்னால் அது பொய். ஒரு முறை அடையாறு அபார்ட்மெண்ட் ஒன்றிலிருந்து வந்த புத்தக மூட்டைக்குள் யாரோ ஒரு பெண்ணின் டிகிரி சர்ட்டிபிகேட் கிடந்தது. மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு, வேகாத வெயிலில் அடையாறு வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தார். “ஒரு ஜூஸ் குடுத்தாங்க, ஐஸ் போட்டு” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். என் கடையில் வேலை பார்க்கும் விஜிக்கும் ஆட்டோ ஓட்டும் செல்வத்துக்கும் கல்யாணம் நடந்தபோது, மண்டபத்தில் சாம்பார் அண்டாவைத் தூக்கியது அவர்தான். “எம் பொண்ணு மாதிரி” என்று எல்லோரிடமும் சொன்னார். விஜியும் அன்றிலிருந்து அவரை ‘அப்பா’ என்றுதான் கூப்பிட்டாள்.

ஆனால் எதிரில் நிற்பவர் கொஞ்சம் பெரிய ஆளாக இருந்துவிட்டால் போதும், அவர் வேறு ஆளாகிவிடுவார். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்ட சமயம், கட்சிக்காரர் வந்து, “இந்த டிபன் கடைக்காரன் கொட்டுறதுலதானே அடைச்சுது?” என்று கேட்டார். “நானே என் கண்ணால பாத்தேன் தலைவரே” என்றார் இவர். அவர் போன கையோடு டிபன் கடைக்காரர் நாலு ஆளோடு வந்து, “நாங்க கொட்டுறதே இல்லன்னு நீதான்யா சொல்லணும்” என்றார். “கொட்டவே மாட்டாங்க, நான் சொல்றேன்” என்றார் இதே மனிதர். நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை.

“எப்படிய்யா உனக்கு வாய் வருது?” என்று கேட்டேன்.

“எதிர்ல கீற ஆள் மூஞ்சி சுருங்கிச்சுன்னா எனக்கு வவுத்த கலக்கிடும்க்கா.”

“காலைல அந்த மாமி மூஞ்சி சுருங்குச்சே?”

“மாமி சுருங்கினா மாமி வூட்டுக்குப் போவாங்க. இவுங்க சுருங்கினா நான் எங்க போவேன்?”

இதையும் நான் ரசித்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

அவர் கடையில் எப்போதோ ஒரு திருட்டுச் செம்புக் கம்பி அகப்பட்டதாம். யாரோ விற்றுவிட்டுப் போனது. கேஸ் ஆகவில்லை. ஆகாததற்குப் பதிலாக அவர் ஸ்டேஷனுக்குச் சாட்சியாகிவிட்டார். எங்கே எதைப் பிடித்தாலும், பிடித்ததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட ஒரு பொது ஆள் வேண்டும். அந்தப் பொது ஆள் எப்போதும் இவர்தான். அதிகமும் கஞ்சா கேஸ். அந்தக் காகிதங்களைப் பிரதி எடுக்க என் கடைக்குத்தான் வருவார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அதே கோணல் கையெழுத்து. “என்னய்யா, ஊர்ல வேற கண்ணே இல்லையா?” என்று நான் கிண்டல் பண்ணுவேன். “கண்ணு நிறைய கீதுக்கா, நேரம் யாருக்குக் கீது?” என்பார்.

கோர்ட்டுக்குப் போகும் நாளில் வெள்ளைச் சட்டை, தலையில் வழிய வழிய எண்ணெய். கஞ்சா சட்டத்தைப் பழைய பேப்பர் விலை மாதிரி ஒப்பிப்பார்.

“ஒரு கிலோக்குள்ளன்னா ஒரு வருசம் வரைக்கும். இல்லாட்டி அபராதம் கட்டிட்டுக்கூடப் போய்க்கினே இருக்கலாம். ஒரு கிலோவத் தாண்டிட்டான்னு வையி, பத்து வருசம் வரைக்கும் போவும், லட்சம் வரைக்கும் அபராதம். இருபது கிலோன்னா ஆரம்பமே பத்து. நம்ம தொழிலேதான்க்கா. எடைக்குத் தக்க வெல.”

உள்ளே போனவர்களில் ஒருவன் முகமும் எனக்குத் தெரியாது. தெரியாதவரை அது எனக்கு நல்ல பேச்சாக மட்டும் இருந்தது.

பிறகு ஒரு மழை நாள். சாயங்காலம் நாலரை, ஐந்து இருக்கும். விஜி அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போயிருந்தாள். சந்து முனையில் போலீஸ் ஜீப் ஒன்று ஒரு ஆட்டோவை மறித்து நிறுத்தியிருந்தது. மழையில் எனக்கு அது யார் ஆட்டோ என்று தெரியவில்லை. ஏட்டு ஒருவர் நனைந்த கோணி ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குள் போனார். பின்னால் செல்போனோடு ஒரு போலீஸ்காரர். அவர்கள் உள்ளே குனிந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோணி மூட்டையாகத் தராசில் ஏறுவதும், போலீஸ்காரர் செல்போனில் அதைப் படம் பிடிப்பதும் தெரிந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது.

அவர்கள் போன பிறகு அவர் என் கடைக்கு வந்து, வாசல் பக்கெட்டில் கை கழுவினார்.

“உள்ள இருந்தது எண்ணூத்தி அறுவது கிராம்தான்க்கா.”

“எது?”

“பொட்டலம். தனியா எடுத்து வச்சேன், எண்ணூத்தி அறுவது காட்டிச்சு. ஏட்டய்யா மூஞ்சி ஒரு மாதிரி சுருங்கிச்சு. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. மழையப் பாத்துக்கினு நின்னாரு. எனக்குத் தெரியாதா? பொட்டலத்தத் திருப்பி ஈரக் கோணிக்குள்ள போட்டேன். கோணியோட வச்சேன். ஒரு கிலோ முந்நூத்தி எண்பது. அப்புறம்தான் வீடியோவே எடுத்தாங்க.”

கை துடைக்க என் மேஜைத் துணியை எடுத்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னார்.

“நம்ம செல்வம்தான்க்கா. பாவம்.”

எனக்கு அந்தத் துணியைப் பிடுங்கத் தோன்றியது. பிடுங்கவில்லை. “செல்வம்னு தெரிஞ்சுமா?” என்றேன்.

“தெரியும். ஜீப்புல உக்காந்துக்கினு என்னையே பாத்தான். அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? எடை போடுன்னாங்க, போட்டேன்.”

“மாமிக்கு ஒரு கிலோ கழிச்சியே, அந்தக் கோணிக் கழிவு எங்க போச்சு?”

“அது யாவாரம்க்கா” என்றார். உண்மையிலேயே என் கேள்வி அவருக்குப் புரியவில்லை.

செல்வம் உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் குடிப்பவன் இல்லை, புகைப்பவன். பொட்டலத்தை ஒருவனிடம் வாங்கி இன்னொருவனிடம் சேர்க்கச் சம்மதித்திருக்கிறான். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துதான் ஆட்டோவில் வைத்திருக்கிறான். விஜி அவனைப் பார்க்கப் புழல் ஜெயிலுக்குப் போன முதல் நாள், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று திட்டிய திட்டில் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்களாம். ஆனால் வெளியே வந்து என்னிடம் வேறு கணக்குச் சொன்னாள்.

“அவரு பண்ணதுக்கு ஒரு வருசம் இருக்கட்டும்க்கா. நானே கொண்டு போய் வுடுவேன். பத்து வருசம்னா, மீதி ஒம்போது வருசம் எதுக்கு? கோணிக்கா?”

எதிர்க்கடையில் அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு கிலோவைத் தாண்டிய கேஸ் என்பதால் அவனை ஜாமீனில் வெளியே எடுக்கவே விஜி மாதக்கணக்கில் அலைந்தாள். ஆட்டோ ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்தது. விசாரணை வர ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷமும் அவர் விஜி வீட்டுக்குக் காய்கறிப் பை கொண்டுபோய்க் கொடுத்தார். இதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. திட்டமிட்ட கெட்டவன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். இவர் கத்திரிக்காயைப் பொறுக்கிப் பார்த்து, சொத்தை இல்லாததாக வாங்கிப் போவார். விஜி எதிரில் நின்று அழும்போது அவருக்கும் கண் கலங்கும். அந்த நிமிஷத்துக்கு எதிரில் நிற்பவள் அவள்.

“அப்பா, கோர்ட்ல ஒரே ஒரு வார்த்தை. கோணியோட போட்டேன்னு சொல்லிடுங்க. உள்ள இருந்தது எண்ணூத்தி அறுவதுன்னு நீங்க பாத்ததச் சொல்லிடுங்க.”

“சொல்றேன் கண்ணு. எனக்கு இன்னா பயம்? கோணியோடதான் போட்டேன்னு அடிச்சுச் சொல்றேன். எம் பொண்ணு வாழ்க்க.”

அவர் வாயைத் தவிர வேறு வழியும் இல்லை. பரிசோதனைக்கு எடுத்த கொஞ்சம் போக மிச்சத்தை, உத்தரவு வாங்கி எரித்துவிட்டார்கள். கோணியும் அதோடு சாம்பல். வீடியோவில் கோணி மூட்டையும் ஒன்று முந்நூற்று எண்பதும் தெரிகின்றன. கோணிக்குள் எவ்வளவு என்று அது சொல்லாது. எங்கள் பக்க வக்கீல் சின்ன வயசுப் பெண், திருவான்மியூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவளிடம் நான்தான் கோணிக் கழிவைப் பற்றிச் சொன்னேன். “இது நல்ல பாயிண்ட்டா இருக்கேம்மா” என்று குறித்துக்கொண்டாள். அவர் என்னிடம் சொன்னதை நானும் கூண்டேறிச் சொல்லத் தயார் என்றேன். “சொல்லலாம், ஆனா நீங்க அந்தப் பொண்ணோட முதலாளி. தராசைத் தொட்ட கை அவரோடது. முதல்ல அவர் வாயில வரட்டும்” என்றாள்.

சாட்சி நாளன்று அவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். படி ஏறுமுன் விஜியின் தலையில் கை வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வக்கீல் பெண் நிதானமாக ஆரம்பித்தாள். “உங்க கடையில மூட்டையா வந்தா கோணிக்கு எடை கழிப்பீங்களா?”

“கழிப்போம்மா.”

“எவ்வளவு?”

“ஒரு கிலோ.”

“கழிக்காம எடை போடுற வழக்கம் உண்டா?”

“கெடயாதும்மா. எங்க தொழில்லயே அது கெடயாது.”

விஜி என் கையைப் பிடித்தாள்.

“அன்னைக்குப் பொட்டலத்தைக் கோணியோட வச்சீங்களா?”

“கோணியோடதான் வச்சேன்.” குரல் கணீரென்று வந்தது. விஜியைப் பார்த்துத் தலையைக்கூட லேசாக ஆட்டினார். பிறகு அவர் கண் நகர்ந்தது. கதவோரம் ஏட்டய்யா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் ஒன்றும் செய்யவில்லை. மிரட்டவில்லை, முறைக்கவில்லை. முகம் சுருங்கியது, அவ்வளவுதான்.

“ஆனா அய்யா,” என்று இவர் நீதிபதி பக்கம் திரும்பிக் கும்பிட்டார், “முன்னாடியே வெறும் கோணிய வச்சு ஜீரோ பட்டன் அமுக்கிட்டேன். அப்புறம்தான் பொட்டலத்த உள்ள போட்டு வச்சேன். அதுல வந்த ஒண்ணு முந்நூத்தி எண்பது சரக்கு மட்டும்தான். முப்பது வருசமா கோணிக்குக் கழிக்காம நான் எதையும் எடை போட்டதில்ல அய்யா. இந்தம்மாகூட இப்ப அதத்தான் கேட்டாங்க.”

“அந்தப் பட்டன் வேலை செய்யறதில்லன்னு உங்க கடைக்கு வர்றவங்ககிட்ட நீங்களே சொல்வீங்களாமே?”

“அன்னிக்கு வேல செஞ்சுதும்மா.”

யாரோ சிரித்தார்கள். தட்டச்சு செய்பவரின் விரல்கள் ஓடின. நான் எடுத்துக் கொடுத்த கோணிக் கழிவை வைத்தே விஜியின் வாயை அடைத்துவிட்டார். வக்கீல் பெண் காகிதத்தை மடித்துக்கொண்டாள். “வேற கேள்வி இல்லை” என்றாள்.

பொய்யை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்கிறவனுக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் வேர்க்கும். இவருக்கு வேர்க்கவில்லை. இரண்டு பேர் கேட்டார்கள், இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டார். விஜிக்கு முன்பாதி, ஏட்டுக்குப் பின்பாதி. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறி முடித்தவர் மாதிரி கூண்டிலிருந்து இறங்கி வந்தார்.

வெளியே வராந்தாவில் விஜி சுவரோரம் நின்றாள். அடுத்த வாய்தா தேதியை வக்கீல் பெண் சொல்ல, கடையில் எப்போதும் காதில் செருகியிருக்கும் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினாள். அடுத்த தடவை கூண்டில் ஏற வேண்டியது நான். ஏறுவேன். நம்புவார்களா என்பது வேறு. அவள் அழவில்லை. அவளுக்குப் பக்கத்தில் செல்வம், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் நேராக எங்களிடம் வந்தார். வராமல் போயிருக்கலாம். பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு இருந்தது.

“கோணியோடதான்னு சொல்லிட்டேன் பாத்தியா கண்ணு?” என்றார். குரலில் அவ்வளவு வாஞ்சை. “நீ சொன்னத அப்டியே சொன்னேன். மனசு வுட்ராத. சாப்ட்டியா?”

ஒன்றரை வருஷமாக அந்தக் கையால் வந்த கத்திரிக்காயை இந்தப் பெண் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

“போய்யா அந்தப் பக்கம்” என்றேன். “உன் மூஞ்சியைப் பாக்கவே அருவருப்பா இருக்கு.”

“அக்கா கோச்சிக்கினாங்க” என்று செல்வத்திடம் சொன்னார். ஏதோ மருமகனிடம் மாமியாரைப் பற்றிச் சொல்வது போல.

கீழே வேப்பமரத்தடியில் ஏட்டய்யா பைக் சீட்டின் மேல் ஒரு ஃபைலைத் திறந்து வைத்து, இவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். இவர் இரண்டு படி இறங்கினார். சட்டைப்பையைத் தடவினார், பேண்ட் பையைத் தடவினார். திரும்பி மேலே வந்தார்.

“கண்ணு, அந்தப் பேனாவக் கொஞ்சம் குடு. ஒரு நிமிசம்.”

ஜெராக்ஸ் கடையில் நாளைக்கு ஐம்பது பேர் பேனா கேட்பார்கள். கேட்ட கைக்குக் கொடுத்துப் பழகிய பெண், யோசிக்காமல் கொடுத்துவிட்டாள்.

நாங்கள் மேலே கைப்பிடிச் சுவரோரம் நின்றோம். ஃபைலில் இருந்த காகிதம் அங்கிருந்தே தெரிந்தது. நான் எத்தனையோ முறை பிரதி எடுத்த அதே அச்சடித்த காகிதம். பெயர் எழுத வேண்டிய இடம் காலி. ஊர் காலி. எடை எழுத வேண்டிய கோடும் காலி.

அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒரு பக்கம் புரட்டினார். அடியில் ஒரு கையெழுத்து, அடுத்த பக்கத்தில் ஒரு கையெழுத்து. பேனாவை மூடி, சட்டை நுனியில் துடைத்து, படியேறி வந்து விஜியிடம் நீட்டினார்.